கோவைப் பக்கம் பாலே, ஆப்பரா பெரிய திரையில் பார்க்க வழி உண்டா?

வணக்கமுங்க. பொள்ளாச்சியில் இருக்கிறேன். மேற்கத்திய நடனமான பாலே, பாடியே நடிக்கும் இசை நாடகமான ஆப்பரா என்றால் எனக்கு உயிர். 'ஸ்வான் லேக்' பாலேயின் மூன்றாம் அங்கத்தில் கறுப்பு உடையில் வருபவள் ஒற்றைக் காலில் 32 சுற்று சுற்றுவாள். ஊன்றிய கால் இடம் நகர்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். செல்போன் திரையில் அந்தப் பாதம் எங்கே தெரிகிறது?

மும்பையில் என்சிபிஏ என்ற கலை மையத்தில், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா குழுவின் நிகழ்ச்சிகளைத் திரையிட்டிருக்கிறார்கள். ரயிலேற ஆசைதான், ஆனால் அம்மாவைத் தனியே விட்டுப் போக முடியாது.

கோவை, திருப்பூரில் தியேட்டரிலோ கல்லூரி அரங்கிலோ இப்படித் திரையிடுகிறார்களா? நாமே ஏற்பாடு செய்வதென்றால் அனுமதி யாரிடம் வாங்குவது? விவரம் தெரிந்த அண்ணா, அக்கா யாராக இருந்தாலும் சொல்லுங்க. பகல் காட்சியாக இருந்தால் ரொம்ப நல்லது. ஆப்பரா பல நேரம் மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிடும், அப்புறம் ஊருக்குப் பஸ் பிடிக்கணும்.