தொட்டியைக் கழுவப் போய்: ஊர்வன வளர்ப்போரின் அனுபவப் பகிர்வு

சென்னையிலிருந்து, செங்காது ஆமை வளர்ப்பவர்:

எங்கள் வீட்டில் எட்டு ஆண்டுகளாக ஒரு செங்காது ஆமை இருக்கிறது. கடையில் வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கியது. இப்போது சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்துவிட்டது. சென்ற கோடையில் நான் வெளியூர் சென்றிருந்தபோது, தொட்டியின் நாற்றம் பொறுக்காத என் அம்மா தண்ணீரை முழுவதும் இறைத்துவிட்டு, தரை துடைக்கும் பினாயிலை இரண்டு மூடி ஊற்றித் தேய்த்து, மூன்று முறை அலசி, புதுத் தண்ணீரும் நிரப்பி வைத்திருந்தார்கள். கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கோன் விளிம்பிலும், ஆமை ஏறிக் காயும் மரக்கட்டையிலும் வாசனை அப்படியே தங்கியிருந்தது. நான் திரும்பியபோது ஆமையின் இமைகள் வீங்கி, தீனியை முகர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு மூலையில் கிடந்தது.

கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, எதைக் கொண்டு கழுவினீர்கள் என்பதுதான். ஃபீனால் கலந்தவையும் பைன் எண்ணெய் கலந்தவையும் ஊர்வனவற்றுக்கு ஆகாது என்றும், துளையுள்ள மரத்தில் ஏறியதை அலசி எடுக்க முடியாது என்றும் சொன்னார். கட்டையை எறிந்துவிட்டோம், ஆமை தேறப் பத்து நாள் ஆயிற்று. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நம் வீடுகளில் சுத்தம் என்றாலே அந்த வாசனைதானே.

டொராண்டோவிலிருந்து, லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி வகையை வளர்ப்பவர்:

நான் செய்த தவறு வேறு வகை. பிளீச் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று நம்பி, எச்சம் காய்ந்து சுண்ணாம்புபோல் ஒட்டியிருந்த மூலையில் நேரடியாகவே தெளித்துக்கொண்டிருந்தேன். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச்சின் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும் என்பதும், எச்சத்தோடு அது சேரும்போது கண்ணை எரிக்கும் ஆவி கிளம்பும் என்பதும் மூச்சு முட்டிய பிறகே எனக்குப் புரிந்தன.

இப்போது கெக்கோவை, சூடு குறையாதபடி, காகிதத்துண்டு விரித்த ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றிவிட்டு, வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் விட்டு அந்த மூலையைக் கால்மணி நேரம் ஊறவைத்து, பழைய வங்கி அட்டையால் சுரண்டி எடுக்கிறேன். அதன் பிறகே, வாசனை சேர்க்காத பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு என்று அன்றன்று கலந்து, பத்து நிமிடம் ஈரம் காயாமல் வைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் நான்கைந்து நிமிடத்தில் காயவைத்துவிடுவதால் இடையில் மறுபடியும் தெளிக்க வேண்டியிருக்கிறது. நன்றாக அலசி, மூக்கை உள்ளே விட்டுப் பார்த்து, துளி நெடியும் இல்லாதபோதுதான் உலர வைப்பேன்.

இதையெல்லாம் முன்பு சமையலறைத் தொட்டியிலேயே செய்துவந்தேன். என் மனைவி கருவுற்றிருந்தபோது மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் அதைக் கேட்டுத் திடுக்கிட்டார். நலமாகத் தெரியும் ஊர்வனவற்றின் குடலிலும், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா இருக்கக்கூடும். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்கும் குறைவான ஓடுள்ள ஆமைகளின் விற்பனையை 1975இல் தடை செய்ததே, குழந்தைகளுக்கு அது தொற்றியதால்தான். அன்றிலிருந்து இந்த வேலைக்கென்று தனி வாளி, தனித் தூரிகை, தனிக் கையுறை.

மீண்டும் சென்னையிலிருந்து:

நீங்கள் சொன்ன முறை கெக்கோவின் உலர்ந்த கூண்டுக்குச் சரி. ஆமைத் தொட்டியில் வடிகட்டியின் பஞ்சை மட்டும் அப்படிக் கழுவ வேண்டாம். பினாயில் சம்பவத்துக்குப் பிறகு பயந்துபோய் அதையும் பிளீச்சில் ஊறவைத்தேன். கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதோடு மடிந்து, நான்காம் நாளே தண்ணீர் பால்போல் கலங்கிவிட்டது. இப்போது பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்துவிட்டு வைத்துவிடுகிறேன். பார்க்க அழுக்காகத்தான் இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் அது பிடிக்கவில்லை.