முதல் குழந்தை சிசேரியன், அடுத்தது நார்மல் ஆகுமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

மலைக்காரி

வணக்கம். நாங்கள் இருப்பது ஏற்காட்டில், நாகலூர் பக்கம். மூத்தவனுக்கு இரண்டரை வயது, அவன் சிசேரியன். இப்போது 32 வாரம் ஓடுகிறது, மே கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை நார்மலாகப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. வீட்டில் கூடமாட உதவ ஆள் கிடையாது, மூத்தவன் இடுப்பை விட்டு இறங்க மாட்டான், இதில் தையலோடு மறுபடியும் படுத்தால் என்ன செய்வேன் என்பதுதான் பெரிய காரணம்.

கீழே சேலத்தில் முதலில் காட்டிய டாக்டரம்மா, "ஒரு தடவை ஆபரேஷன் என்றால் அடுத்ததும் ஆபரேஷன்தான், நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்க" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். இன்னொருவர் "பார்க்கலாம்மா, வலி தானாக வரட்டும்" என்றார். மாமியார், "ஆபரேஷனோட சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிக்கிட்டா ஒரே வேலையாப் போயிடும்" என்கிறார். இதற்கிடையில் வீட்டுக்காரர் நெட்டில் ஒரு பக்கத்தைப் பிடித்து என் வயது, உயரம், எடை எல்லாம் போட்டுப் பார்த்தார், எழுபது சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. இதை நம்பி இறங்கலாமா? மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள், இதை அனுபவித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஐந்து ரோடு அம்மா

எனக்கு நார்மல் ஆனது தங்கச்சி, அதனால் முதலில் தைரியமாக இருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் எனக்கு ஆனது என்பதால் உங்களுக்கும் ஆகிவிடும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு முதல் குழந்தை தலை மேலே, கால் கீழே இருந்தது, அதனால் வலி வருவதற்கு முன்பே தேதி குறித்து எடுத்தார்கள். இரண்டாவது தலை கீழே திரும்பி ஒழுங்காக உட்கார்ந்தது. என் டாக்டர் முதல் சந்திப்பிலேயே கேட்டது "எதற்காகக் கிழித்தார்கள்?" என்பதைத்தான். என் உடம்பில் குறை இருந்து ஆபரேஷன் செய்யவில்லை, குழந்தை உட்கார்ந்த விதத்தால் செய்தார்கள் என்று சொல்லிவிட்டு, முயற்சி செய்யலாம் என்றார்.

நீங்கள் அதை எழுதவே இல்லையே. எதனால் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். அப்புறம், இரண்டு நிமிடத்தில் பதில் சொல்பவரிடம் நார்மலுக்குப் போகாதீர்கள், அவர் சொல்வது சரியாகவே இருந்தாலும். வலி வந்த பிறகு பக்கத்தில் நிற்க மனமுள்ள டாக்டர் வேண்டும்.

லேபர் வார்டு

பிரசவ வார்டில் வெகுகாலம் நர்ஸாக இருந்தவள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு தடவை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்" என்ற பேச்சு 1916இல் அமெரிக்காவில் கிராகின் என்ற டாக்டர் எழுதியதிலிருந்து வருகிறது. அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக நெடுக்கில் கிழிப்பார்கள், அந்தத் தழும்பு அடுத்த வலியில் பிரிந்து விட்டுப்போவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. இன்றைக்குப் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காகத்தான் கிழிக்கிறார்கள், அந்தத் தழும்பு வலியைத் தாங்கும். அப்படி ஒரே ஒரு சிசேரியன் ஆனவர்கள் நார்மலுக்கு முயன்றால், நூற்றுக்கு எழுபதிலிருந்து எழுபத்தைந்து பேருக்கு நடக்கிறது. ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவமும் ஆனவர்களுக்கு 85, 90 வரை போகும். தழும்பு விட்டுப்போவது சுமார் 200 பேரில் ஒருவருக்கு. சின்ன எண்தான், ஆனால் அந்த ஒருவருக்கு நிமிடக் கணக்கில் தியேட்டர் தேவைப்படும். இதை மறந்துவிட்டு யாரும் தைரியம் சொல்லக்கூடாது.

உங்கள் வீட்டுக்காரர் பார்த்தது பெரும்பாலும் குரோப்மன் கணக்கீடாக இருக்கும். 2007இல் வந்தது, அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் பிரசவித்தவர்களின் விவரத்தை வைத்துச் செய்தது. முதலில் அதில் இனம் என்ன என்று ஒரு கேள்வி இருந்தது, 2021இல் அதை எடுத்துவிட்டுத் திருத்தினார்கள். நீங்கள் போட்டதில் இனம் கேட்டிருந்தால் அது பழையது, விட்டுவிடுங்கள். புதியதில் கேட்பது வயது, உயரம், எடை, முன்பு சுகப்பிரசவம் உண்டா, முதல் சிசேரியன் பிரசவம் முன்னேறாமல் நின்றதாலா, ரத்தக்கொதிப்புக்கு மருந்து எடுத்ததுண்டா என்பவைதான். நம் ஊர்ப் பெண்களை வைத்து அளந்தது இல்லை என்றாலும் எது கூட்டும், எது குறைக்கும் என்ற திசை சரியாகவே இருக்கிறது.

அந்த எண் எதற்குப் பயன்படும் என்றால், முயற்சி செய்து நடுவில் நின்று அவசரமாகக் கிழிப்பதில்தான் தாய்க்குச் சிக்கல் அதிகம். நார்மலாக முடிந்தால் எல்லாவற்றிலும் நல்லது, நாள் குறித்த ஆபரேஷன் நடுவில், நின்றுபோன முயற்சி கடைசியில். வாய்ப்பு அறுபது, எழுபது சதவீதமாவது இருந்தால், முயற்சி செய்பவர்களின் மொத்தச் சிக்கல் நாள் குறித்த ஆபரேஷனை விடக் கூடுதலாக இருப்பதில்லை. நீங்கள் அந்த எல்லைக்குள்தான் வருகிறீர்கள். ஆனால் அது நார்மல் ஆகுமா என்பதற்கான எண், தழும்பு தாங்குமா என்பதற்கானது இல்லை. இரண்டும் வேறு கேள்வி.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று: முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். வயிற்றின் மேல் குறுக்குத் தழும்பு இருக்கிறதே என்று பார்த்துச் சொல்ல முடியாது, வெளியே குறுக்காகவும் உள்ளே நெடுக்காகவும் இருக்கலாம். காகிதத்தில் எல்எஸ்சிஎஸ் (கீழ்ப்பகுதியில் கிழித்த சிசேரியன்) என்று இருக்கிறதா, வெட்டு மேல்நோக்கி நீண்டது, டி வடிவம் என்று ஏதாவது இருக்கிறதா, எதற்காக என்று என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மலைக்காரி

ரொம்ப நன்றி அக்கா. பீரோவில் தடுப்பூசி அட்டைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தது, மடிப்பில் கிழிந்திருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. எமர்ஜென்சி எல்எஸ்சிஎஸ், காரணம் ஃபீட்டல் டிஸ்ட்ரெஸ் (குழந்தைக்கு உள்ளே சிரமம்), கர்ப்பப்பை வாய் திறந்தது 5 செ.மீ., குழந்தையின் தலை கீழே. டி என்றோ நீண்டது என்றோ எதுவும் இல்லை. கொடி சுற்றியிருந்தது என்று அப்போது சொன்னார்கள். வலி தானாக வந்துதான் போயிருந்தேன். இது நல்லதா கெட்டதா? இன்னொன்று, தழும்பு எவ்வளவு தடிமன் என்று ஸ்கேனில் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார், எடுக்கலாமா?

கொண்டலாம்பட்டி

முயற்சி செய்து கடைசியில் ஆபரேஷன் ஆனவள் நான். எனக்கு முதல் தடவையே வாய் முழுசாகத் திறந்தும் குழந்தை இறங்கவில்லை, அதனால்தான் கிழித்தார்கள். இரண்டாவது அதைவிடப் பெரிய குழந்தை. டாக்டர் முன்னாடியே வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்று சொன்னார், தெரிந்தே ஒத்துக்கொண்டேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது, இதயத்துடிப்பு சரியாக இருக்கும்போதே முடிவெடுத்து தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். தையல் ஆற முதல் தடவையை விட நாளானது, காய்ச்சலும் வந்தது. ஆனாலும் முயற்சி செய்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் உங்களை "எப்படியும் நார்மல்தான் வேண்டும்" என்று யாரும் ஏற்றிவிடக் கூடாது. எங்கள் சொந்தத்திலேயே, ஆபரேஷன் என்றதும் "கொஞ்சம் பொறுத்திருந்தா ஆயிருக்கும்" என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் பேச்சு புண்ணை விட வலித்தது. உங்கள் வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள், நடுவில் மாற்றினால் அது தோல்வி கிடையாது என்று.

அடிவாரம் ஜீப்

நான் டாக்டர் இல்லை, மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவன், ரோட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மே மாதம் என்றால் சீசன், கோடை விழா, மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் மேலே ஏறுகிற வண்டி வரிசையாக நிற்கும், இருபது கொண்டை ஊசி வளைவிலும் இறங்குகிறவன் காத்திருக்க வேண்டும். மாலையில் மழை, மூட்டம் வந்தால் இன்னும் நேரமாகும். குப்பனூர் வழி இருக்கிறது, அதுவும் மலை ரோடுதான். 108 வந்தாலும் வளைவு வளைவுதான் சகோதரி. வலி எடுத்த பிறகு இறங்கலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கம் சொந்தக்காரர் வீடு எதுவும் இல்லையா?

லேபர் வார்டு

தம்பி சொன்னதுதான் என் பதிலில் பாதி. தழும்பு உள்ளவர் மலைமேல் வலியோடு காத்திருக்கக் கூடாது. 37 வாரம் முடிந்ததும் கீழே வந்து தங்கிவிடுங்கள். தழும்பு விடுகிறது என்பதற்கு முதலில் தெரிகிற அடையாளம் பெரும்பாலும் குழந்தையின் இதயத்துடிப்பு மாறுவதுதான், அது வயிற்றில் பெல்ட் கட்டி இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தெரியும். வீட்டிலோ வண்டியிலோ தெரியாது. இரவிலும் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் மூன்றும் உடனே கிடைக்கிற இடமாகப் பாருங்கள். கட்டணம் யோசனை என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை இருக்கிறது, கிராம நர்ஸிடம் சொல்லி இப்போதே அங்கே ஒரு தடவை காட்டிவிடுங்கள், கடைசி நேரத்தில் புது முகமாகப் போகாதீர்கள்.

உங்கள் காகிதம் நல்ல காகிதம். குழந்தையின் துடிப்பு குறைந்ததால் எடுத்தது திரும்ப வரவேண்டிய காரணம் இல்லை, வலியும் தானாக வந்திருக்கிறது. இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஒன்றரை வருடத்துக்குள் என்றால்தான் தழும்பைப் பற்றிக் கூடுதல் கவலை. தழும்புத் தடிமன் ஸ்கேன் எடுப்பவர்கள் உண்டு, ஆனால் இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் என்றால் தாங்கும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவு கிடையாது. அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, பழைய தழும்பின் மேல் கீழே இறங்கி இருக்கிறதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள், இருந்தால் நார்மல் பேச்சே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது வருகிற சதவீதம் இறுதி இல்லை. ஃபிளாம் என்பவர் 1997இல் கொடுத்த மதிப்பெண் முறை ஒன்று உண்டு, அதில் வார்டில் சேரும்போது கர்ப்பப்பை வாய் எவ்வளவு மெலிந்திருக்கிறது, 4 செ.மீ. திறந்துவிட்டதா என்பதையும் சேர்ப்பார்கள். மொத்தம் 10. எட்டோ அதற்கு மேலோ வந்தவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு நார்மல் ஆனது, மதிப்பெண் இரண்டோ அதற்குக் கீழோ என்றால் பாதிப் பேருக்குத்தான். அதனால் 32 வாரத்தில் போட்ட கணக்கை அன்றைக்கு மறுபடியும் போட வேண்டும், டாக்டர் கையால் பார்த்து.

மாமியாருக்கும் ஒரு பதில்: நார்மல் ஆனாலும் ஏழு நாட்களுக்குள் சின்ன வெட்டில் குடும்பக் கட்டுப்பாடு செய்யலாம், அதற்காக ஆபரேஷன் தேவையில்லை. மூன்றாவது குழந்தை எண்ணம் இருந்தால் நார்மலுக்கு இன்னும் காரணம் கூடும், ஏனென்றால் ஒவ்வொரு தழும்புக்கும் நஞ்சு உள்ளே ஊடுருவி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறும்.

மலைக்காரி

கோரிமேட்டில் சித்தி வீடு இருக்கிறது, போன் பண்ணிவிட்டேன், வரச்சொல்லிவிட்டார். ஒரே ஒரு கேள்வி அக்கா: தேதி தாண்டியும் வலி வரவில்லை என்றால்?

லேபர் வார்டு

அதை இப்போதே உங்கள் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி முடிவெடுப்பார்கள். வலியை மருந்தால் வரவழைத்தால் தழும்பு விடும் ஆபத்து இரண்டு, மூன்று மடங்காகும். மிசோபிரோஸ்டால் மாத்திரை தழும்பு உள்ளவருக்கு வைக்கக் கூடாது. தேவைப்பட்டால் ஃபோலி குழாய் (நுனியில் பலூன் உள்ள ரப்பர் குழாய்) வைத்து வாயைத் திறக்க வைப்பது அதைவிடப் பாதுகாப்பு, அதுவும் வார்டில் இருந்துதான். வாய் கொஞ்சமும் பக்குவமாகாமல் 41 வாரம் நெருங்கினால் நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொள்வதும் நல்ல முடிவே. டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டு நகல் எடுத்து ஒன்றை அட்டையோடு வையுங்கள், இன்னொன்றைச் சித்தி வீட்டில் கொடுங்கள்.