வீடு மாறாமல் இடம் கூட்ட முடியுமா?

கேள்வி: ரெண்டு படுக்கையறை வீடு. பையன் பத்தாவது போறான், அவனுக்குப் படிப்பு மேசை போட ஒரு மூலை இல்ல. வீடு மாற மனசும் வரல. ஏதாவது வழி?

பதில்: முதல்ல கதவைப் பாருங்க. 2.5 அடிக் கதவு உள்பக்கம் திறந்தா கிட்டத்தட்ட 5 சதுர அடி தரையை விழுங்கும். ஸ்லைடிங் கதவா மாத்தினா மேசைக்கு அந்த மூலையே போதும்.

இன்னொருவர்: பரண் சும்மாவா இருக்கு? பெட்டி படுக்கையை மேல ஏத்துங்க. சுவரை மட்டும் இன்ஜினியரைக் கேக்காம இடிச்சுடாதீங்க, பாரம் தாங்குற சுவரா இருக்கலாம்.

கேட்டவர்: கதவு யோசனை சூப்பர். ஆனா பக்கத்துச் சுவர்ல ஸ்விட்ச் போர்டு இருக்கே?

பதில்: அப்போ கதவை அறைக்கு வெளிப்பக்கச் சுவர்ல ஓட விடுங்க. போர்டைத் தொடவே வேண்டாம்.