புதுப்பிப்பு: வீடியோ கேம் இசையை நேரில் கேட்டு வந்தேன்

வீடியோ கேம் இசையைப் பதிவில் கேட்டால் போதாதா, சிம்பொனி இசைக்குழு வாசிப்பதை நேரில் போய்க் கேட்க வேண்டுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டேன். போனது நல்லதாயிற்று.

ஐந்தே ஒலித்தடங்கள் கொண்ட ஃபாமிகாம் என்ற பழைய வீடியோ கேம் கருவிக்கு எழுதிய டிராகன் குவெஸ்ட் விளையாட்டின் மெட்டுகளை ஜப்பானிய இசையமைப்பாளர் கொய்ச்சி சுகியாமா 1987-லேயே டோக்கியோவில் இசைக்குழுவோடு மேடையேற்றினார் என்பது தெரிந்திருந்தும், அந்தச் சிறு கருவி ரீங்காரமாகத் தந்த அடிநாதத்தை டபுள் பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியங்கள் சேர்ந்து இழைத்தபோது அது இருக்கையின் வழியாக முதுகில் ஏறும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

விளையாட்டில் ஒரு மெட்டு, நாம் அந்த இடத்தை விட்டு அகலும்வரை சுழன்றுகொண்டே இருக்கும். மேடையிலோ அதற்கு ஒரு முடிவு வேண்டும். பல ஆண்டுகளாக முடிவின்றிக் கேட்ட மெட்டு ஒன்று மெல்லத் தணிந்து ஓய்ந்த கணத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குச் சற்று முன், டிம்பனி என்னும் பெரிய முரசை வாசிப்பவர் அதன் தோலுக்கு அருகே காதை வைத்து, விரலால் மெல்லத் தட்டிச் சுருதி சரிபார்த்ததையும் கண்டேன். எந்தப் பதிவும் இதைக் காட்டாது.

குறை ஒன்று உண்டு. முன்வரிசை ஓரத்தில் ஒலிபெருக்கி புல்லாங்குழலையும் ஓபோ என்னும் குழல் வாத்தியத்தையும் மூழ்கடித்தது. இடைவேளைக்குப் பின் பின்வரிசைக்கு மாறினேன். ஃபைனல் ஃபேண்டசி 7 விளையாட்டின் லத்தீன் சேர்ந்திசை அங்கே தெளிவாகக் கேட்டது. செல்பவர்கள் நடுப்பகுதிக்குப் பின்னால் இடம் பிடியுங்கள்.