பழைய கார்கள், இளைய கைகள்: உங்கள் அனுபவம் என்ன?

நண்பர் ஒருவர் ஃபோர்டு மாடல் டி வைத்திருக்கிறார். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி தயாரான கார். ஓட்டிப் பார்க்க என்னையும் தன் பேரனையும் கூப்பிட்டார். பையனுக்கு 19 வயது, ஆட்டோமேட்டிக் தவிர எதையும் தொட்டதில்லை. நானோ 30 வருடமாக கியர் வண்டிதான்.

முதலில் நான் உட்கார்ந்தேன். அதிலும் மூன்று பெடல்தான், ஆனால் வேலை வேறு. நடுவில் ரிவர்ஸ், வலதில் பிரேக். ஆக்சிலரேட்டர் ஸ்டீயரிங்குக்குக் கீழே, கையால் இழுக்கும் லீவர். இடது பெடலை முழுக்க மிதித்தால் லோ கியர், விட்டால் டாப், பாதியில் பிடித்தால் நியூட்ரல். நிறுத்தப்போகும்போது என் கால் அதைக் கிளட்ச் என்று நினைத்து அடிவரை மிதித்துவிட்டது. வண்டி முன்னால் இழுத்துக்கொண்டு போனது. ஹேண்ட் பிரேக்தான் காப்பாற்றியது.

பையனின் இடது காலுக்கு மறக்க வேண்டிய கிளட்ச் பழக்கமே இல்லை. கால் மணி நேரத்தில் அழகாக ஓட்டினான். இறங்கியதும், "தாத்தா, இந்த கியர்பாக்ஸை எப்போ பிரிச்சுப் பார்க்கலாம்?" என்றான். பிள்ளைகளுக்குக் காரில் ஆர்வம் போய்விட்டது என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அவன் அறைச் சுவரில் இருப்பது நிஸான் ஸ்கைலைன் ஆர்34. அவன் பிறக்கும் முன்பே உற்பத்தி நின்ற கார், வீடியோ கேமில்தான் பழக்கமாம். என் சுவரில் ஜாகுவார் ஈ-டைப் இருந்தது. நானும் அதைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

---

ஐயா, ஆர்வம் இருக்கிறது. என் கவலை வேறு. என்னுடையது 90-களின் கார். ஒருநாள் ஐட்லிங் ஏறி இறங்கியது, பிறகு ஸ்டார்ட்டே ஆகவில்லை. பிளக், பெட்ரோல் பம்ப் எல்லாம் மாற்றியும் பயனில்லை. ஈசியுவை, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால், கெபாசிட்டர்கள் என்னும் சின்ன மின் பாகங்கள் கசிந்து சர்க்யூட் போர்டை அரித்திருந்தன. கார்பரேட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு டியூன் செய்யும் என் மெக்கானிக் கை வைக்கத் தயங்கினார். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் என் அக்கா மகள் ஒரே மாலையில் சால்டரிங் செய்து ஓட வைத்தாள். அவளிடம் லைசென்ஸ்கூட இல்லை!

போர்ஷே தன் பழைய 959 காருக்கு கிளட்ச் லீவரை 3டி பிரிண்டிங்கில் செய்து தருகிறது. இரும்புக்கு வழி இருக்கிறது. இன்றைய கார்களின் பூட்டிய மென்பொருளை 30 வருடம் கழித்து யார் திறப்பது? அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

---

தம்பி, எந்தக் கெபாசிட்டர், எத்தனை வோல்ட், எங்கே அரித்திருந்தது என்று படத்தோடு எழுதித்தரச் சொல்லுங்கள் அந்தப் பெண்ணிடம். பையனுக்கு அனுப்புகிறேன். அவன் ஆர்34-க்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறான்.