ஃபுஷிமியா, நாதாவா? சாகே (ஜப்பானிய அரிசி மது) ஆலை பார்க்க யோசனை சொல்லுங்கள்

பிப்ரவரியில் நானும் அண்ணனும் கியோட்டோ போகிறோம். குளிர்காலம்தான் சாகே தயாரிக்கும் பருவம் என்பதால் பழைய ஆலை ஒன்றைப் பார்த்து, ருசித்து, இரண்டு பாட்டிலும் வாங்கி வர ஆசை. பக்கத்திலேயே ஃபுஷிமி இருக்கிறது, அங்கே ஓரளவு மென்மையான நீர் என்பதால் சாகே மிருதுவாக இருக்குமாம். கோபே பக்கம் நாதாவில் கடின நீர், சுவையும் கொஞ்சம் கடுமை. ஒரே நாள்தான் கையில், எதற்குப் போகலாம்? பெரிய நிறுவனங்களின் அருங்காட்சியகம் வேண்டாம், வாசலில் சுகி (ஜப்பானிய தேவதாரு வகை) மர இலை உருண்டை தொங்கும் சின்ன ஆலை போதும். முன்பதிவு செய்ய வேண்டுமா? அப்புறம், சூடுபடுத்தாத நாமாசாகேயைக் குளிரிலேயே வைக்க வேண்டுமே, ஊர் வரை தாங்குமா, இல்லை அங்கேயே குடித்துத் தீர்க்க வேண்டியதுதானா? சுங்கத்தில் ஆளுக்கு 2 லிட்டர், தெரியும். அண்ணன் குடிக்க மாட்டார், அவர் பங்கும் எனக்குத்தான்!