பினாங்கு – திருச்சி: உண்மையில் எத்தனை மணி நேரப் பயணம்?

கலா, பட்டர்வொர்த்:
ஆடி மாதத்தில் அம்மாவைத் திருச்சிக்கு அனுப்புகிறேன். சமயபுரம் போக வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்கிறார். சர்க்கரை நோய் இருப்பதால் வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். இணையத்தில் 2,450 கிலோமீட்டர், மூன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கிறது. டிக்கெட்டிலோ காலை 9.30-க்கு பாயான் லெப்பாஸ் (பினாங்கு விமான நிலையம்), 10.40-க்கு கே.எல். (கோலாலம்பூர்), பிறகு பகல் 2.00-க்கு ஏறி 3.25-க்குத் திருச்சி. இரண்டாவது விமானம் ஒன்றரை மணி நேரம்தானா? சாப்பாட்டு நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

செல்வம், ஆயர் ஈத்தாம்:
கலா, அந்த 3.25 இந்திய நேரம். நமக்கு அப்போது மாலை 5.55. ஆக, கே.எல். – திருச்சி 3 மணி 55 நிமிடம். இரண்டு மணி நேரம்தானே வித்தியாசம் என்று அம்மா சொன்னால் அது பழைய கணக்கு. 1982 ஜனவரி 1-இல் இங்கே மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிய பிறகு இரண்டரை ஆகிவிட்டது.

இணையம் காட்டுவது நேர்க்கோட்டுத் தூரம். உங்கள் டிக்கெட் அப்படிப் போகவில்லை. முதலில் தென்கிழக்கே, கே.எல். விமான நிலையம் இருக்கும் செப்பாங்குக்கு 325 கிலோமீட்டர், அங்கிருந்து மேற்கே திருச்சிக்குச் சுமார் 2,690. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்று. நான் விமானத் தளத்தில் வேலை பார்த்தவன், அதனால் சொல்கிறேன்: கே.எல்.-க்கு வானத்தில் இருப்பது முக்கால் மணி நேரம்தான். மீதி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இறங்கி நிறுத்துமிடம் வருவதும். டிக்கெட் நேரத்தில் அதுவும் சேர்த்திதான்.

அம்மாவுக்கு முக்கியமானது இதுதான். புறப்பாட்டிலிருந்து திருச்சியில் இறங்கும்வரை 8 மணி 25 நிமிடம். மதியச் சாப்பாட்டை கே.எல்.-இல் 12.30-க்கே முடித்துவிடட்டும். விமானத்தில் நம் நேரம் 4.30-க்கு ஏதாவது கொறிக்கட்டும், இறங்கியதும் குடிநுழைவு வரிசை இருக்கும். அங்கே உறவினர்கள் இரவு 8 மணிக்கு இலை போடுவார்கள். அம்மாவின் வயிற்றுக்கு அது 10.30! முதல் நாள் மட்டும் ஆறு மணிக்கே கொடுக்கச் சொல்லுங்கள். மாத்திரை, ஊசி நேரத்தை டாக்டரிடம் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மாலா, பிறை:
பினாங்கிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் உண்டே? 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கியது. 2,370 கிலோமீட்டர்தான், கே.எல். போய் மாற வேண்டாம்.

செல்வம்:
முழங்கால் நல்லா இருப்பவர்களுக்குச் சரி, மாலா. சென்னையிலிருந்து திருச்சி இன்னும் 330 கிலோமீட்டர் இருக்கிறதே. இறங்கிய களைப்போடு ரயிலோ காரோ ஏற வேண்டும். வயதானவரைத் தனியாக அனுப்பும்போது எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கே.எல்.-இல் சக்கர நாற்காலி கிடைக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கலா:
ரொம்ப நன்றி அண்ணே. இரண்டும் ஒரே டிக்கெட், பெட்டி நேராகத் திருச்சிக்கே போய்விடும். திரும்பும்போது இரவு 11.30 விமானம். அதுவும் நாலு மணி நேரம்தானா?

செல்வம்:
கிட்டத்தட்ட. ஆடி, ஆவணியில் தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து பலமான காற்று வீசும். போகும்போது அது பின்னாலிருந்து தள்ளிவிடும், வரும்போது எதிர்க்கும். அதனால் வரும் பயணம் கொஞ்சம் நீளும். இரண்டரை மணியையும் கூட்டினால் கே.எல்.-இல் காலை ஆறு மணி. பசியாறிவிட்டுப் பினாங்கு விமானத்தைப் பிடிக்கட்டும். இடையில் மூன்று மணி நேரமாவது இருக்கிற மாதிரி பாருங்கள்.